பாக்கி நாற்பத்திரண்டு மைல்

என் அக்கா வெல்டா செத்ததற்கு நான் காரணம் இல்லை. டாக்டர் அப்படித்தான் சொன்னார், ஊரும் அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவள் கடைசியாக ஆசைப்பட்ட ஒன்று நடக்காமல் போனதற்கு நான்தான் காரணம். அது என் மச்சான் ராய்ஸைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இப்போது உங்களுக்கும் தெரியட்டும்.

வயோமிங்கில், பிக்ஹார்ன் மலையின் அடிவாரத்தில், முப்பத்தொரு வருடமாக நான் வண்டிகளின் கிரவுனைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். எஞ்ஜினைப் பற்றி என்னிடம் யாரும் கேட்பதில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டேன். பின் அச்சின் நடுவே பூசணிக்காய் அளவுக்கு ஒரு இரும்பு உருண்டை இருக்கும் பாருங்கள், அதற்குள் இருக்கும் பெரிய பல்சக்கரமும் அதைச் சுழற்றும் சின்னப் பினியனும் சேர்ந்ததுதான் கிரவுன், அதுதான் என் பிழைப்பு. இந்தப் பக்கத்தில் டீசல் வண்டி வைத்திருக்கிறவன் எவனும் எதையாவது இழுக்கிறவன்தான். மாடு, குதிரை, வைக்கோல், வீடு என்று ஏதோ ஒன்று பின்னால் தொங்கும். இழுக்க முடியாமல் போனால் என்னிடம் வருவான்.

ராய்ஸ் போன ஆகஸ்டில் அப்படித்தான் வந்தான். கூட வெல்டாவும் இருந்தாள்.

வெல்டா இருபத்திரண்டு வருடம் வேட்டை முகாமில் சமைத்தவள். மலைக்கு மேலே மண்பாதை முடிகிற இடத்தில் கூடாரம் அடிப்பார்கள். ராய்ஸ் ஆட்களைக் கூட்டிக்கொண்டு எல்க் மான் தேடிப் போவான். இவள் விறகடுப்பில் பிஸ்கட்டும் பன்றிக்கறிக் குழம்பும் வைத்துவிட்டு, போனவர்களை எல்லாம் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டு காத்திருப்பாள். கூடாரம், அடுப்பு, நாலு கோவேறு கழுதைகள் எல்லாம் ஒரே டிரெய்லரில் ஏறும். அந்த டிரெய்லரை இழுத்துக்கொண்டு ஆகஸ்டில் ஒரு நடை மேலே போனபோது, பாதி ஏற்றத்தில் கியர்பெட்டி கொதித்து, திரும்பி வந்துவிட்டார்கள்.

எனக்கு வண்டியைப் பார்த்ததுமே விஷயம் தெரிந்துவிட்டது. ராய்ஸ் முப்பத்திரண்டு அங்குல டயரைக் கழற்றிவிட்டு முப்பத்தைந்து போட்டிருந்தான்.

"என்ன மச்சான், பலூன் வியாபாரம் ஆரம்பிச்சிட்டியா?" என்றேன்.

"போன வருஷம் ஓடையைத் தாண்டறப்ப பின்னச்சு பாறையில இடிச்சுதுடா. உயரம் வேணும்."

"உயரம் வேணும்னா ஏணி வாங்கு. இந்த டயரோட உன் வண்டி எப்படி இழுக்கும்?"

கணக்கு ஒன்றும் பெரிதில்லை. சக்கரம் ஒரு சுற்று சுற்ற, எஞ்ஜினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதுதான் கிரவுனின் எண். அவன் வண்டியில் இருந்தது மூணு எழுபத்தி மூணு. எண் கூடினால் இழுவை கூடும். டயர் பெரிதானால் கூடினது அத்தனையும் போய்விடும். முப்பத்தைந்தைப் போட்டதில் அவனுடைய மூணு எழுபத்தி மூணின் இழுவை, மூணு நாற்பதுக்கு இறங்கிவிட்டது. அதை வைத்துக்கொண்டு மலையேறினால் கொதிக்காமல் என்ன செய்யும்?

"நாலு பத்து போடறேன்," என்றேன். "முன்னாடியும் பின்னாடியும். ஆனா நீ பழைய டயரை மாட்டணும். நாலு பத்தும் முப்பத்திரண்டும் சேர்ந்தா உன் வீட்டையே கட்டி இழுக்கலாம். நாலு பத்தும் முப்பத்தஞ்சும்னா, சுத்திச் சுத்திப் பழைய இழுவையில, நீ நின்ன எடத்துலயே வந்து நிப்ப."

"நின்ன எடமே எனக்குப் போதும்டா. போன வருஷம் இழுத்துதே."

"பேசாம இரு. உனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும்."

வெல்டா ஒரு காலிப் பீப்பாயின் மேல் உட்கார்ந்து எங்கள் இருவரையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு பேரும் டயரைக் கட்டிக்கிட்டுக் குடும்பம் நடத்துங்க," என்றாள். "எனக்குச் செப்டம்பர் கடைசியில அடுப்பு மலை மேல இருக்கணும். அவ்வளவுதான்."

ராய்ஸ் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு, "சரிடா, சனிக்கிழமை மாத்திடறேன்," என்றான். பிள்ளையைத் தூங்கவைக்கச் சொல்வது போலச் சொன்னான். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் வேலை. இரண்டாம் நாள் வெல்டா மறுபடி வந்து அதே பீப்பாயில் உட்கார்ந்தாள். பல் சரியாகப் பதிகிறதா என்று பார்க்க மஞ்சள் சாயம் பூசி உருட்டிப் பார்த்தேன். சாயத்தின் தடம் பல்லின் நட்டநடுவில் விழுந்தது. அவள் குனிந்து பார்த்து, "உதட்டுச் சாயம் பூசி முத்தம் குடுத்த மாதிரி இருக்கு," என்றாள். "உனக்கு இதுங்களோடதான் காதல். அதான் எவளும் உன்கூட நிலைக்கல." நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பிறகு கொஞ்ச நேரம் இருமினாள்.

கடைசியில் என் கையடக்கக் கருவியை வண்டியின் கணினியில் சொருகினேன். அது இரண்டே கேள்விதான் கேட்கும். கிரவுன் எண் என்ன? டயர் உயரம் என்ன? இந்த இரண்டையும் வைத்துத்தான் வண்டி தன் வேகத்தையும் ஓடிய மைலையும் கணக்குப் போடும். முதல் கேள்விக்கு நாலு பத்து என்று அடித்தேன். இரண்டாவதில் முப்பத்திரண்டு என்று முன்பே இருந்தது. எதிரே நின்றது முப்பத்தைந்து அங்குல டயர். சனிக்கிழமைதான் மாற்றப்போகிறானே, மாற்றாமல் எங்கே போவான் என்று அதை அப்படியே விட்டுவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. என் பேச்சுத்தான் நடக்கும் என்ற திமிர்.

அப்புறம் ஒட்டுக் காகிதத்தைக் கிழித்து, அதில் எழுதி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டினேன். எல்லா வண்டியிலும் ஒட்டுவேன். 'ஐநூறு மைல் வரை எதையும் இழுக்காதே.' புதுப் பல் ஒன்றோடொன்று பழகவேண்டும். முதல் நாலைந்து நடை பதினைந்து மைல் ஓட்டி நிறுத்தி ஆறவிட வேண்டும். ஐநூறு வெறும் வண்டியாக ஓடியபிறகு எண்ணெயை மாற்றினால், அதற்குப் பிறகு மலையையே கட்டலாம். முந்தின வருடம் ஒருத்தன் இருநூறிலேயே மாட்டு டிரெய்லரை மாட்டி, பல்லை நீலமாகக் கருக்கிக்கொண்டு வந்து, என் வேலை சரியில்லை என்று மூன்று ஊரில் சொல்லித் திரிந்தான். அதிலிருந்து இந்த ஐநூறில் நான் யாருக்கும் ஒரு மைல்கூட விட்டுக்கொடுப்பதில்லை.

"நான்தான் ஓட்டுவேன்," என்றாள் வெல்டா. மைல் மீட்டரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து சாவியை அவளிடம் கொடுத்தேன்.

அந்தச் சனிக்கிழமை ராய்ஸ் டயரை மாற்றவில்லை. அடுத்த சனிக்கிழமையும் மாற்றவில்லை. பாதையில் வண்டி எதிரே வந்தால் எனக்கு எரிச்சலாக வரும். அதே பலூன். நான் ஒலிப்பானை நீளமாக அடித்து டயரைக் காட்டுவேன். வெல்டா ஓட்டிக்கொண்டே எனக்கு நாக்கைத் துருத்திக் காட்டுவாள். அறுபத்து மூன்று வயதுப் பொம்பளை.

நாளுக்குப் பதினைந்து மைல், சில நாள் பத்து என்று அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் வண்டியை எடுப்பதே இல்லை. நான் போனில் கூப்பிட்டு, "என்னக்கா, நத்தைக்கு வழி விட்டுட்டே போறியா?" என்று கேட்பேன். "சும்மா போய் வர்றதுக்கு என்னடா அவசரம்," என்பாள். ஒருநாள் கேட்டேன், அவ்வளவு ஆசையாக இருந்தால் வெறும் வண்டியிலேயே முகாமுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று. "எட்டிப் பாத்துட்டு வர நான் என்ன டூரிஸ்டா? அடுப்பு இல்லாம, கழுதைங்க இல்லாம, திட்டறதுக்கு ஆள் இல்லாம அங்க எனக்கு என்ன வேலை?" என்றாள்.

செப்டம்பர் மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை, பகல் பதினோரு மணி. வெல்டா வண்டியைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். நல்ல வெயில். அவள் ராய்ஸின் கம்பளிக் கோட்டைப் போட்டிருந்தாள். முகம் இறங்கி, தாடை எலும்பு தெரிந்தது.

"என்னக்கா, பாதி ஆளாயிட்ட?"

"பல்லு வலி. மெல்ல முடியல." வண்டியை விட்டு இறங்காமல் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டாள். "ஆர்லோ, நானூத்தம்பத்தெட்டு ஆயிருக்கு. போதாதாடா?"

நான் போய் எட்டிப் பார்த்தேன். நானூற்று ஐம்பத்தெட்டு. "பாக்கி நாப்பத்திரண்டு இருக்கே."

"நாப்பத்திரண்டுதானே. வெள்ளிக்கிழமை வரைக்கும் மேல வெயில் அடிக்குமாம். நாளைக்கே மாட்டிக்கிட்டுப் போயிடலாம்னு பாத்தேன். மெதுவா போறோம். நடுநடுவுல நிறுத்தி ஆறவிடறோம்."

உங்களிடம் மறைப்பானேன். நாற்பத்திரண்டு மைல் முன்னே பின்னே ஆனால் ஒரு பல்லும் உருகிவிடாது. ஐநூறு என்பது ஆண்டவன் எழுதி வைத்தது இல்லை, எங்களைப் போன்றவர்கள் பயத்துக்குப் போட்டுக்கொண்ட வேலி. எனக்கு அது தெரியும். "போய்ட்டு வாக்கா, மெதுவா போ" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் நான் முன் டயரின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, அந்த டயரைப் பார்த்துப் பார்த்தே கோபத்தை ஏற்றிக்கொண்டிருந்தேன்.

"ஐநூறுன்னா ஐநூறுதான். உன் புருஷன் ஒரு டயரை மாத்தச் சொன்னா மாத்த மாட்டான், நீ நாலு நாள் பொறுக்கச் சொன்னா பொறுக்க மாட்ட. அப்புறம் பல்லு போச்சுன்னு என் வாசல்ல வந்து நிக்காதீங்க."

"டயரைத் திட்டாதே. அவன் மேல தப்பில்ல."

"அப்ப யார் மேல?"

அவள் கோட்டை இழுத்து மூடிக்கொண்டாள். "சின்ன வயசுலயும் நீ இப்படித்தான்," என்றாள். "ஆட்டத்துல நீயே சட்டம் போடுவ, நீயே காவல் நிப்ப." பிறகு வண்டியைக் கிளப்பினாள். "சரிடா. நீ சொன்னா சரி."

பிறந்ததிலிருந்து என் அக்கா என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அன்று பகல் முழுக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்தேன்.

சனிக்கிழமை காலை ராய்ஸ் போன் செய்தான். பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் இருந்து பேசினான். விடியும்போது வாயிலிருந்து ரத்தம் வந்ததாம். ஈரலில் தொடங்கி எங்கும் பரவிவிட்டதாம். ஆகஸ்டிலேயே தெரியுமாம். அவன் டயரை மாற்றவில்லை என்று நான் கறுவிக்கொண்டிருந்த அந்த இரண்டு சனிக்கிழமையும் அவளைக் காரில் கூட்டிக்கொண்டு அங்கேதான் போயிருக்கிறான். கிறிஸ்துமஸ் வரை தாங்கும் என்று டாக்டர் சொன்னதால் யாரும் நாளை எண்ணவில்லை. வேட்டை முடிந்ததும் நானே ஆர்லோவிடம் சொல்லிக்கொள்கிறேன், அதுவரை வாயைத் திறக்காதே என்று ராய்ஸிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது கண்ணைத் திறந்து பார்த்தாள். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இழுக்கலடா," என்றாள். "நீ சொன்னபடியே. இன்னும் பன்னண்டு மைல்தான் பாக்கி."

"நான் ஓட்டி முடிக்கறேன்க்கா. நீ எழுந்து வா."

"நீ ஓட்டினா பத்தாம் மைல்லயே எவன்கூடயாவது சண்டை போட்டுட்டு நின்னுடுவ." சிரிக்கப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து எட்டாம் நாள் ராய்ஸ் வண்டியைக் கொண்டுவந்தான். மீட்டரில் சரியாக ஐநூறு. மிச்சம் பன்னிரண்டையும் அவன் தனியாக ஓட்டியிருந்தான். பக்கத்து இருக்கையில் அவளுடைய சமையல் மேலங்கி மடித்து வைத்திருந்தது. ஒட்டுக் காகிதம் அப்படியே இருந்தது.

"ஐநூறு ஆச்சு," என்றான். "எண்ணெயை மாத்திடு. அவ ஒரு மைல்கூட ஏமாத்தல."

எண்ணெயை இறக்கினேன். இரும்புத்தூளைப் பிடிக்கிற காந்தத்தில் சாம்பல் பசை போல மெல்லிசாகப் படிந்திருந்தது, ஒரு துணுக்குக்கூட இல்லை. என் முப்பத்தொரு வருடத்தில் அவ்வளவு பதமாக யாரும் புதுப் பல்லைப் பழக்கியதில்லை. ராய்ஸ் அந்தப் பீப்பாயில் உட்கார்ந்திருந்தான். தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"பன்னண்டு மைல்டா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானூத்தி எண்பத்தெட்டுல வந்து நிறுத்தினா. மிச்சத்த நான் ஓட்டிடறேன்னு சொன்னேன். வேணாம்னுட்டா. ஸ்டியரிங்கப் பிடிச்சா நான் நோயாளி இல்லன்னு சொல்லுவா, அதனால விட்டுட்டேன். அவ தூங்கினதும் நான் போய் ஓட்டிட்டு வந்திருக்கலாம். காமணி நேர வேலை. சனிக்கிழமை விடிஞ்சதும் மாட்டிக்கிட்டுக் கெளம்பியிருக்கலாம். மேல போயாவது..." மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தான். "என் சோம்பேறித்தனம்டா. நான்தான் அவளக் கெடுத்துட்டேன்."

நான் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் எழுந்துபோய்க் கருவியைச் சொருகினேன். டயர் மாறவில்லையே, அந்த எண்ணைத் திருத்திவிடலாம் என்றுதான் போனேன். வேறு எதையும் யோசிக்கவில்லை. திரையில் வந்தது. கிரவுன் நாலு பத்து. டயர் முப்பத்திரண்டு.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும். சின்ன டயர் என்று நம்பிக்கொண்டிருக்கும் வண்டி அதைக் குறைத்துத்தான் எண்ணும். ஓட்டியது எல்லாம் அவள், எண்ணாமல் விட்டது நான். ஓர் அட்டையை எடுத்து பென்சிலால் போட்டுப் பார்த்தேன். நம்பாமல் மறுபடி போட்டேன். நானூற்று ஐம்பத்தெட்டை முப்பத்தைந்தால் பெருக்கி முப்பத்திரண்டால் வகுத்தால் வருவது ஐநூற்று ஒன்று.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவள் என் வாசலில் வந்து நின்றாளே, அப்போதே ஐநூறு முடிந்திருந்தது. பாக்கி என்று எதுவும் இல்லை. புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் மலைமேல் வெயில் அடித்தது. அந்த மூன்று நாளும் அவள் அடுப்பு முன்னால் நின்றிருக்கலாம். அதற்குப் பதிலாக, என் பேச்சைக் கேட்டு, கம்பளிக் கோட்டைப் போட்டுக்கொண்டு, வெறும் வண்டியில் வைக்கோல் காட்டைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அட்டையைக் கிழித்து எண்ணெய்த் தொட்டியில் போட்டிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் பீப்பாயில் உட்கார்ந்திருந்தவன் இன்னும் பன்னண்டு மைல், பன்னண்டு மைல் என்று முனகிக்கொண்டிருந்தான். செய்யாத தப்பை அவன் சாகும்வரை சுமக்க, நான் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுத் தூங்க முடியுமா?

"ராய்ஸ்," என்றேன். "வெள்ளிக்கிழமை நீ ஓட்டவேண்டியதே இல்ல. அவ செவ்வாய்க்கிழமையே முடிச்சிட்டா."

அவன் நிமிர்ந்தான். "திரும்பச் சொல்லு."

அட்டையைக் கையில் கொடுத்தேன். டயர், கருவி, சனிக்கிழமை மாற்றுவாய் என்று நான் நம்பியது எல்லாம் சொன்னேன். அவள் வந்து கேட்டதையும் சொன்னேன். அவள் அதை வீட்டில் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

"உன்கிட்ட வந்து கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்ன சொன்ன?"

"ஐநூறுன்னா ஐநூறுதான்னு சொன்னேன்."

அவன் என்னை அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் அட்டையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "எண்ணெய ஊத்து," என்றான். "நாளைக்குக் காலையில மேல போறேன். கழுதைங்களையாவது கொண்டுபோறேன்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு, கூப்பிடாமலே, அவன் பண்ணைக்குப் போனேன். டிரெய்லரில் கூடாரமும் அடுப்பும் ஏறியிருந்தன. கழுதைகள் நாலும் உள்ளே நின்றன. அந்த மாதிரி டிரெய்லரின் கழுத்து வண்டியின் பின்பக்கத் திறந்த பெட்டிக்குள் நீட்டிக்கொண்டு வந்து, நடுவில் இருக்கும் இரும்புக் குண்டின்மேல் உட்காரவேண்டும். ஓட்டுகிறவனுக்கு அது சரியாகத் தெரியாது. ஓர் ஆள் பக்கத்தில் நின்று கையைக் காட்டவேண்டும். இடது, வலது, இன்னும் ஒரு சாண், நிறுத்து என்று, கல்யாணமான நாளிலிருந்து முப்பத்தெட்டு வருடம் அந்த இடத்தில் நின்று கை காட்டியவள் வெல்டா. அவள் கையைக் காட்டினால் ராய்ஸ் ஒரே தடவையில் உட்காரவைத்துவிடுவான்.

நான் போய் அந்த இடத்தில் நின்றேன். கையைத் தூக்கினேன். ராய்ஸ் ஏறி உட்கார்ந்து பின்னால் எடுத்தான். இடது பக்கம் விலகிப் போனான். வலது பக்கம் வா என்று காட்டினேன். பக்கக் கண்ணாடியில் அவன் முகம் எனக்குத் தெரிந்தது, என் கை அவனுக்குத் தெரிந்திருக்கும். அவன் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, என்னைத் தாண்டிப் போய், குனிந்து பார்த்தான். திரும்பப் போய் ஏறினான். மறுபடி பின்னால் எடுத்தான். மறுபடி இறங்கி வந்தான்.

நாலு தடவை இறங்கினான். நாலு தடவையும் நான் கையைக் காட்டிக்கொண்டே நின்றேன். ஐந்தாம் தடவை கழுத்து தானாகக் குண்டின்மேல் போய் உட்கார்ந்தது. சங்கிலியை மாட்டினான், விளக்குக் கம்பியைச் சொருகினான். வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

பண்ணையிலிருந்து பார்த்தால் மலைப்பாதையின் முதல் ஏற்றம் முழுசாகத் தெரியும். அந்தப் பெரிய டயர்களோடு, அவ்வளவு பாரத்தையும் கட்டிக்கொண்டு, வண்டி ஏறியது. எங்கும் திணறவில்லை, எஞ்ஜின் சத்தம்கூட மாறவில்லை. அவள் பழக்கிய பல் அது. கண்ணுக்கு மறைகிற வரைக்கும் கையை இறக்கத் தோன்றாமல் அங்கேயே நின்றேன்.